சட்டைப்பையில் ஒரு காரியதரிசி

ஓர் ஆபீஸ் ஆசாமியின் சட்டைப்பையைப் பார்த்தே அவர் உத்தியோகத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலம் இருந்தது. ரீஃபில் பேனா ஒன்று மட்டும் என்றால் கிளார்க். சிவப்பும் நீலமுமாக இரண்டு என்றால் ஆடிட் பிரிவு. பேனாவோடு சின்ன டைரி, டைரிக்குள் சீஸன் டிக்கெட், சீஸன் டிக்கெட்டுக்குப் பின்னால் முருகன் படம் என்றால் ஹெட் கிளார்க். பேனாவே இல்லாமல், அடுத்தவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் தன் பையில் செருகிக்கொண்டு போனால், சந்தேகமே வேண்டாம், மானேஜர்.

1995க்குப் பிறகு இந்தக் கணக்கு குழம்பிப் போயிற்று. அந்த வருடம் ஜூலை 31ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுக்கு செல்போனில் பேசி அந்த வியாபாரத்தை இந்தியாவில் தொடங்கி வைத்தார். அதிலிருந்து நம் ஆட்களுக்கு உடம்பெல்லாம் கனக்க ஆரம்பித்தது. இடுப்பில் பேஜர். கையில் செங்கல் மாதிரி செல். பைக்குள் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய காசியோ டிஜிட்டல் டைரி. செல்லில் யாராவது கூப்பிட்டால் எடுப்பதில்லை. வருகிற காலுக்கும் காசு! (2003 மே மாதம்தான் அந்தக் கொள்ளை நின்றது.) நம்பரைப் பார்த்துவிட்டு, நாலு தப்படி நடந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிடுவார்கள். செல்போன் வைத்திருப்பவர்களால் பூத்துக்காரர்கள் பிழைத்த காலம்.

ஆனால் தனித்தனியாக இருந்தவரை ஒரு சௌகரியம். செல்லுக்கு உயிர் போனால் டைரி இருக்கும். டைரி தொலைந்தால் செல்லில் நாலு நம்பராவது இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் ஜுரத்தில் படுக்காத வரை குடும்பம் ஓடுமில்லையா, அந்த மாதிரி. இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் போட்டுக் கல்யாணம் பண்ணிவைத்த புண்ணியவான்கள் அமெரிக்காவில் இருந்தார்கள்.

முதல் கல்யாணம் 1994 ஆகஸ்டில். ஐ.பி.எம். செய்த சைமன் என்கிற மெஷின். டெலிபோன், விலாசப் புத்தகம், காலண்டர், ஃபாக்ஸ் எல்லாம் ஒன்றில். தொட்டால் வேலை செய்யும் திரை. எடை அரைக் கிலோ. பாக்கெட்டில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகச் சாயும். விலை, ஒப்பந்தத்தோடு வாங்கினால் 899 டாலர். இத்தனையும் கொடுத்துவிட்டு, பேச ஆரம்பித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் பாட்டரி காலி. ஏறத்தாழ ஐம்பதாயிரம் விற்றது. ஆறு மாதத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். எனக்கு மிகவும் பிடித்த ஆசாமி. சட்டைப்பையில் அடங்கும் ஆர்கனைசர் ஒன்று பண்ண வேண்டும் என்று நினைத்தவர், முதலில் மெஷினைச் செய்யவில்லை. அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். யாராவது "வியாழக்கிழமை சந்திக்கலாமா?" என்றால், கட்டையை எடுத்து ஒரு குச்சியால் அதன்மேல் தட்டித் தட்டி டைரி பார்ப்பது போலப் பாவனை செய்வாராம். நம் ஊரில் ஒருவர் இப்படிக் கட்டையோடு பேசிக்கொண்டு திரிந்தால் குணசீலத்துக்கு அழைத்துப் போவார்கள். அவரை அமெரிக்காவில் விட்டுவைத்தார்கள். 1996இல் பைலட் என்று வெளியே வந்து அமோகமாக விற்றது. இரண்டு சின்னப் பென்சில் செல் போட்டால் வாரக்கணக்கில் ஓடும். அதில் எழுத ஒரு தனி எழுத்துமுறை வேறு. ஆங்கில ஏ-வுக்குக் குறுக்குக்கோடு போடக்கூடாது. கூரை மட்டும் போட்டால் போதும். மனுஷன் எழுத்தை மெஷின் படிக்காது, மெஷின் படிக்கிற மாதிரி மனுஷன் எழுதிப் பழக வேண்டும். ஆயுள் முழுக்க டாக்டர் கையெழுத்தைச் சகித்துக்கொண்டவர்கள் எல்லாம் உட்கார்ந்து சமர்த்தாக அட்சராப்பியாசம் பண்ணினார்கள்.

இதே ஹாக்கின்ஸும் கூட்டாளிகளும் 1998இல் ஹாண்ட்ஸ்பிரிங் என்று தனிக்கடை போட்டார்கள். 2000இல் அவர்கள் கொண்டுவந்தது, ஆர்கனைசரின் முதுகில் செருகிக்கொள்ளும் ஒரு செல்போன். அதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. போனுக்குத் தனி பாட்டரி, ஆர்கனைசருக்குத் தனி பாட்டரி. மாட்டுப்பெண் வந்தாலும் அடுப்பு வேறு. 2002இல் ட்ரியோ என்று இரண்டையும் ஒரே உடம்பாக்கினார்கள். அதே வருடம் பிளாக்பெரிக்காரர்களும் ஒரு போன் விட்டார்கள். அதில் ஒரு விசேஷம்: காதில் ஒயர் மாட்டாமல் பேசவே முடியாது. ஒயரை வீட்டில் மறந்துவிட்டால் அன்றைக்கு மௌன விரதம்.

ஒரே உடம்பு, ஒரே வயிறு என்று ஆனதில்தான் வினையே. ஆர்கனைசர் என்பது சின்ன வயிற்றுக்காரன்; கிளியோபோல் கொறிக்கும். செல்போன் அப்படியில்லை, பந்தி முடிந்த பிறகும் பாயசம் கேட்கும் ரகம். பக்கத்தில் டவர் இல்லையென்றால் எங்கே எங்கே என்று தேடித் தேடியே பாட்டரியைக் குடித்துவிடும். அது மட்டுமென்றால் பரவாயில்லை. அந்தக் காலத்து ஆர்கனைசர்கள் பெரும்பாலும் எல்லா விஷயத்தையும் ராம் என்கிற மெமரியில் வைத்திருந்தன. பெயரைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். மின்சாரம் ஓடுகிற வரை அதற்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். நின்றால் பூர்வஜன்மம் மறந்துவிடும். அணைத்து வைத்தாலும் ஞாபகத்துக்காக உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். பாட்டரி போனாலும் அழியாத மெமரி இவற்றில் வரத் தொடங்கியது 2004, 2005 வாக்கில்தான்.

அதற்கு முந்தைய ரகம் ஒன்று 2003 மார்கழியில் எனக்கு வந்து சேர்ந்தது.

நியூ ஜெர்ஸியிலிருந்து மச்சினர் கொண்டுவந்தார். அவர் புதுசு வாங்கிவிட்டதால் பழசு எனக்கு. (அமெரிக்காவிலிருந்து நமக்கு வரும் சாமான்களுக்கு இது பொது விதி. பாதாம் பருப்பு மட்டும் விலக்கு.) கம்பெனி பெயர் வேண்டாம். லைஃப்பாய் சோப்பு டப்பா அளவு. கீழே மிளகு மிளகாக நாற்பது பொத்தான்கள். பக்கவாட்டில் செருகி வைக்க ஒரு பிளாஸ்டிக் குச்சி. நம் ஊர் சிம் கார்டைப் போட்டால் "நீ யார்?" என்று கேட்டது. அமெரிக்கக் கம்பெனி போட்ட பூட்டாம். ரிச்சி தெருவில் ஒரு பையன் ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பூட்டைத் திறந்தான்.

மறுநாள் ஆபீஸில் என் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளாளுக்குக் குச்சியை வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். கேஷியர் தன் ஜாதகத்தை இதில் போட முடியுமா என்றார். டெஸ்பாட்சில் இருந்த பெரியவர், ரிட்டயர்மென்ட்டுக்கு மூன்று வருஷம் இருந்தது அவருக்கு, எட்ட நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எத்தனை பேர் நம்பர் புடிக்கும்?" என்று கேட்டார்.

"ஆறாயிரம் ஐயா."

"உனக்கு எத்தனை பேரைத் தெரியும்?"

பதில் சொல்வதற்குள் மணி அடித்து, ஸீட்டுக்குப் போய்விட்டார்.

முதல் தகராறு பெயரில் ஆரம்பித்தது. 'ஃபர்ஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம், 'லாஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம். நம் எஸ். ரமேஷுக்கு எது முதல், எது கடைசி? ரமேஷை முதல் கட்டத்தில் போட்டு, எஸ்-ஸைக் கடைசிக் கட்டத்தில் போட்டேன். மெஷின் கடைசிக் கட்டத்தை வைத்துத்தான் அகரவரிசை போடும். விளைவு, என் ஜாபிதாவில் இருந்த அத்தனை பேரும் அவரவர் தகப்பனார் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். ரமேஷைத் தேட வேண்டுமானால் அவன் அப்பா பெயர் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு ரேஷன் ஆபீஸ்.

தமிழ் கிடையாது, எல்லாம் ஆங்கிலத்தில். 'ழ' வரும் பெயர்களுக்கு ஒருவர் இஸட் ஹெச் போடுவார், ஒருவர் எல். பழனி எங்கே இருக்கிறார் என்று தேடுவதற்குள் பழனிக்கே போய்விட்டு வந்துவிடலாம். எங்கள் ஆபீஸில் ரமேஷ் மட்டும் நாலு பேர்.

காலண்டர் இன்னும் மோசம். 'ஒவ்வொரு மாதமும் மூன்றாவது செவ்வாய்' என்றால் அதற்குப் புரியும். 'ஐப்பசி, கிருஷ்ணபட்ச துவாதசி' என்றால் முழிக்கும். அப்பா திதியை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. இங்கிலீஷ் தேதிக்குத்தான் வருஷா வருஷம் மணி அடிப்பேன் என்று பிடிவாதம். அம்மா சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை நாலு தாள் தள்ளிப் பார்த்து, "புதன்கிழமைடா" என்று சொல்லிவிட்டாள். அதற்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் வாராவாரம் வருவது. அதனால் ராகுகாலத்தைப் போட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, மானேஜர் மீட்டிங்கில் "புதிய திட்டத்தை இன்று தொடங்குகிறோம்" என்று வாயெடுத்த கணத்தில், என் பாக்கெட்டிலிருந்து டிங் டிங் டிங். அந்தத் திட்டம் தேறவில்லை. அதற்கு மெஷின் பொறுப்பல்ல.

இதையெல்லாம் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. போனும் டைரியும் ஒன்றாக இருப்பதன் அடிப்படை அபத்தம் அது. ஹாக்கின்ஸ் கட்டையை வைத்துக்கொண்டு நடித்தபோது அது தெரிந்திருக்க நியாயமில்லை. கட்டையில் யாரும் பேசவில்லையே!

ஒருவர் கூப்பிட்டு, "சார், ஒரு நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க" என்கிறார். எழுத டைரி வேண்டும். டைரி எங்கே? காதில் இருக்கிறது. காதிலிருந்து எடுத்தால் அவர் சொல்வது கேட்காது. காதிலேயே வைத்திருந்தால் எழுத முடியாது. "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, குச்சியை உருவி, டைரிப் பக்கத்துக்குப் போய், "ம், சொல்லுங்க" என்று காதில் வைத்து, மூன்று எண் கேட்டு, இறக்கி, மூன்று எண் தட்டி, மறுபடி காதில் வைத்து... நமாஸ் பண்ணுவதா தோப்புக்கரணம் போடுவதா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். ஸ்பீக்கரில் போடலாம். போட்டால், வைத்தியர் நம் மூலவியாதிக்குச் சொல்லும் மருந்தை பஸ் முழுக்கக் குறித்துக்கொள்ளும். கடைசியில் நான் கண்டுபிடித்த வழி, பாக்கெட்டில் ஒரு பேனாவும் பேப்பரும் வைத்துக்கொள்வது. பேப்பரில் குறித்துக்கொண்டு, சாயந்திரம் மெஷினில் ஏற்றுவது. முப்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கு நான் காரியதரிசி.

கன்னம் பட்டு கால் கட்டாவது தனி. தொட்டால் வேலை செய்யும் திரைக்கு விரல் எது, கன்னம் எது என்று தெரியாது. எனக்குக் கொஞ்சம் பூசின கன்னம். பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது மூன்று முறை கட்டாகி, நாலாவது முறை அவரே மெமோ அனுப்பிவிட்டார். அதைக் காதில் வைக்க வேண்டியிருக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப்புக்கு அப்போது நான் ஜாயின்ட் செகரட்டரி. காரம்போர்டுக்கு பவுடர் வாங்குவது தவிர எனக்கு இருந்த ஒரே உருப்படியான வேலை, ரத்த தானப் பட்டியல். 64 பேர் பெயர், ரத்த வகை, டெலிபோன் நம்பர். இதில் ஓ நெகட்டிவ் நாலே பேர். ஓ நெகட்டிவ் ரத்தம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஆனால் ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ்வைத் தவிர எதுவும் பொருந்தாது. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தனக்கென்று வரும்போது தவிக்கிற ஜாதி. 'மெஷின் இருக்கும்போது பேப்பர் எதற்கு?' என்று மானேஜர் நோட் போட்டு, பட்டியல் முழுவதும் என் டப்பாவில் ஏறியது. ஆயுத பூஜைக்கு பீரோவைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர் பட்டியல் பழைய பேப்பர்காரரிடம் போயிற்று.

கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாமே என்பீர்கள். கேட்டேன். சிஸ்டம்ஸ் பிரிவுத் தம்பி சிரித்தார். எங்கள் கம்ப்யூட்டர்களில் அப்போது விண்டோஸ் என்.டி. நாலாம் பதிப்பு. அதற்கு யு.எஸ்.பி. என்றால் என்னவென்றே தெரியாது. "பின்னால ஓட்டை இருக்கு சார், ஆனா உள்ள யாரும் இல்ல" என்றார். புது கம்ப்யூட்டர் கேட்டு ஃபைல் போயிருக்கிறது என்றார். ஃபைல் போய்க்கொண்டிருந்தது.

2005 ஐப்பசி. சென்னையில் ஊரைப் புரட்டிப்போட்ட மழை பெய்த வருஷம். ஒரு சனிக்கிழமை என் மெஷினின் சார்ஜர் பின் உடைந்தது. இப்போது போல ஒரே ஒயரை ஊரெல்லாம் மாற்றிக்கொள்கிற காலமில்லை அது. கம்பெனிக்கு ஒரு பின், அதிலும் மாடலுக்கு ஒரு பின். தெருமுனைப் பெட்டிக்கடையில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் தொங்கியதெல்லாம் நோக்கியா சார்ஜர். என்னுடையதற்கு பாரிமுனை, ரிச்சி தெரு இரண்டிலும் ஒரே பதில்: "சிங்கப்பூர்லருந்து வரணும் சார், பதினஞ்சு நாள்." பாட்டரியை மிச்சம் பிடிக்க மெஷினை அணைத்து வைத்தேன். கிழட்டு பாட்டரி. திங்கட்கிழமை சாயந்திரம், பூட்டைத் திறந்த அதே பையன் உடைந்த பின்னை வெட்டி, வேறு ஒயரில் ஒட்டி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தான். முழங்கால் தண்ணீரில் வீடு வந்து, ஒன்பது மணிக்குச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரை இருட்டு.

ஒன்பது இருபதுக்கு வீட்டு லாண்ட்லைன் அடித்தது. கேஷியர்.

"சார்... மிஸஸுக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தைய எடுத்துட்டாங்க. ரத்தம் நிக்கலயாம் சார். ஓ நெகட்டிவ். இங்க ஒரு பாட்டில்தான் இருக்குதாம். இன்னும் ரெண்டாவது வேணும்கிறாங்க. நம்ம லிஸ்ட்ல..."

"போனை வைங்க. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றேன்.

திரை இருட்டாகவே இருந்தது. சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்தது. சார்ஜ் கொஞ்சம் ஏறினால்தான் கண் திறக்கும். மனைவி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு நிமிஷம். ஏழு நிமிஷம். திரையில் வெளிச்சம் வந்தது.

'வெல்கம்!' என்றது.

"என்னங்க சொல்லுது?" என்றாள் மனைவி.

வாங்கோ, வாங்கோ என்று வரவேற்கிறது. எந்த நாடு என்று கேட்டது. சொன்னேன். மேல் மூலையில் ஒரு கூட்டல் குறி காட்டி அதன் நடுவில் குச்சியால் தொடச் சொன்னது. தொட்டேன். கீழ் மூலையில் ஒன்று. தொட்டேன். நடுவில் ஒன்று. தொட்டேன். 'நன்றி' என்றது. இன்று ஜனவரி 1, பகல் மணி 12 என்றது. விலாசப் பகுதியைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. கம்பெனியின் கஸ்டமர் சர்வீஸ், அமெரிக்கா. அவர்கள் ரத்த வகை போட்டிருக்கவில்லை.

அந்த இரண்டு வருஷமாக நான் யார் நம்பரையும் மனப்பாடம் பண்ணவில்லை. பண்ண அவசியம் இல்லாமல் செய்வதற்குத்தான் அந்த மெஷினே. அதற்கு முன்னால் தலையில் ஏறியது மட்டும் கிடந்தது. மாமனார் வீடு. காஸ் கம்பெனி. படித்த பள்ளிக்கூடம். அப்புறம், பன்னிரண்டு வருஷமாக அர்ஜென்ட் தபால் விஷயமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விரலுக்கே தெரிந்துபோன டெஸ்பாட்ச் பெரியவர் நம்பர். பழைய ஏழு இலக்கம். முன்னால் ஒரு 2 சேர்த்துக்கொண்டு சுழற்றினேன்.

"ஓ நெகட்டிவ்வா? இரு தம்பி, கண்ணாடிய எடுத்துட்டு வரேன்."

பெரியவரிடம் ஒரு டைரி உண்டு. ஏதோ உரக் கம்பெனிக்காரர் ஒரு பொங்கலுக்குக் கொடுத்தது. வருஷம் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. ஆபீஸில் சேர்ந்த ஒவ்வொருவர் பற்றியும் அதில் ஒரு வரி. அகரவரிசை எல்லாம் கிடையாது. அவர் படிக்கப் படிக்க, நான் பேனாவால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

"நாலு பேரு. ஒருத்தன் மதுரைக்கு மாத்திப் போய்ட்டான். ரெண்டாவது, பில் செக்‌ஷன் சொட்டை ரமேஷ். அவன் வேண்டாம், செப்டம்பர்லதான் குடுத்திருக்கான், பென்சில்ல போட்டு வச்சிருக்கேன். மூணு மாசம் ஆகல. மாடி குள்ள ரமேஷ், திருவொற்றியூர். அவன் வீட்ல போன் இல்ல, பி.பி. நம்பர்தான், எழுதிக்க. இன்னொருத்தன் வில்லிவாக்கம், ஆர்மோனியம் வாசிப்பான், அவனுக்கு நான் சொல்லிடறேன். பத்து மணிக்கு மேல அவன் போனை எடுக்க மாட்டான், கீழ் வீட்டுக்காரரைத்தான் எழுப்பணும்."

பி.பி. நம்பர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ரத்த அழுத்தம் இல்லை. பக்கத்து வீட்டு நம்பர். நமக்கு போன் இல்லையென்றால் பக்கத்து வீட்டு நம்பரை, பி.பி. என்று அடைப்புக்குறி போட்டு, கூசாமல் ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுவோம். திருவொற்றியூர் பி.பி.க்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். "மணி என்ன ஆவுது தெரியுமா? எங்க வீட்ட என்ன போஸ்டாபீஸ்னு நினைச்சீங்களா?" என்று ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் போன் ஸ்டூலில் வைக்கப்படும் சத்தம், கதவுத் தாழ்ப்பாள், மழைச் சத்தம், "ரமேசு! டேய் ரமேசு!" என்று தெருவில் ஒரு குரல்.

பதினொன்றே முக்காலுக்கு டி.வி.எஸ். 50 ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது பி.பி.க்காரர். பின்னால் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு குள்ள ரமேஷ். வில்லிவாக்கத்துக்காரர் லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு அவருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். இருந்த ஒரு பாட்டிலை ஏற்றிக்கொண்டே இவர்கள் ரத்தத்தைச் சோதித்து, அது உள்ளே போகும்போது மணி மூன்று. விடிகிற நேரத்தில் டாக்டர் வெளியே வந்து கேஷியர் தோளில் தட்டினார். அந்த மனுஷர் பணம் எண்ணும்போதுகூட அப்படிக் கை நடுங்கிப் பார்த்ததில்லை. பி.பி.க்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "என்ன குழந்தைன்னு யாருமே கேக்கலியே?" என்றார். பெண் குழந்தை.

புதன்கிழமை டெஸ்பாட்ச் மேஜையில் போய் உட்கார்ந்து, பெரியவர் டைரியைப் பார்த்து 64 பேரையும் எழுதினேன். இந்தத் தடவை கார்பன் வைத்து, மூன்று பிரதி. பெரியவர் அவர் பாட்டுக்குத் தபாலுக்கு ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தார். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஐயா, உங்க டைரி மழையில நனைஞ்சிருந்தா?" என்றேன்.

"இது ரெண்டாவது. ஒண்ணாவது வீட்ல இருக்கு. வருசாவருசம் பொங்கலுக்குக் காப்பி எழுதிடுவேன். பொங்கலுக்கு மூணு நாள் லீவுல பின்ன என்ன வேலை?"

அமெரிக்காவில் இதற்கு பேக்கப் என்று பெயர்.

இப்போது எல்லார் கையிலும் டூ-இன்-ஒன்தான். தனி போன், தனி டைரி என்று தேடினாலும் கிடைப்பது கஷ்டம். பாட்டரி தீர்ந்தால் நம்பர் போகாது. கன்னம் பட்டால் கட்டாகாது. போன் சாக்கடையில் விழுந்தாலும் விலாசமெல்லாம் எங்கோ ஆகாசத்தில் பத்திரமாக இருந்து, புது போனில் வந்து இறங்குகிறது. 'ழ' வருகிறது. அமாவாசைக்குக்கூட மணி அடிக்கிறது. ஆகாசத்துக்கு ஏற வேண்டிய பாஸ்வேர்டை எங்கே எழுதி வைத்தோம் என்று கேட்கக்கூடாது.

காதில் டைரி வைத்துக்கொண்டு நம்பர் எழுதுகிற சமாசாரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் தாம்பரம் மின்சார ரயிலில் ஓர் இளைஞர். கழுத்தில் கம்பெனி அட்டை, முதுகில் லாப்டாப், காதில் முப்பதாயிரத்துக்குக் குறையாத போன். "சொல்லு மச்சி... இரு இரு, எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டைத் தடவினார். அடுத்தவரைப் பார்த்து, பேனா இருக்கிறதா என்று ஜாடை காட்டினார். அவர் உதட்டைப் பிதுக்கினார். எதிர் ஸீட், ஜன்னல் ஓரம், நின்றுகொண்டிருந்தவர்கள், ஒருத்தரிடமும் பேனா கிடையாது. வேறு வழியில்லாமல் நம்பரை உரக்கத் திருப்பிச் சொன்னார், பத்து இலக்கமும். போனை இறக்கி, தட்ட ஆரம்பித்து, எட்டோடு நின்று விழித்தார்.

"நாப்பத்தேழு சார்" என்றான் சமோசா விற்கிற பையன்.